மீன்தொட்டிக்கு நேர் மேலே

முதல் குதிக்கே கீழ்வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது.

ஸ்டோர்காரர் தொம் என்று தரையில் இறங்கினார். அடுத்த நொடி, டக் டக் டக் என்று கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டை கூரையை இடித்தது. அவர் பாதி குனிந்தபடி, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டிக்கொண்டு, பறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கொக்கு மாதிரி அப்படியே நின்றுவிட்டார்.

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார், "மாப்பிள்ளை, யாரோ கதவைத் தட்டறாங்க போலிருக்கு," என்றார்.

"கதவை இல்ல அத்தை. நம்ம தரையைத் தட்டறாங்க."

"தட்டட்டும். நீங்க முதல்ல என் பெட்டியை இருந்த இடத்துல வைங்க."

அவர் ஏறிக் குதித்தது மாமியாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து. அந்த மாடி வீட்டில் ஒரு ஆளைத் தாங்கக்கூடிய சாமான் அது ஒன்றுதான். நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். சாப்பாட்டு மேசையைத் தொட்டால் மனைவி தொலைத்துவிடுவார்.

நாற்பதைத் தாண்டிய, வழுக்கையும் தொப்பையும் எட்டிப் பார்க்கிற ஒரு மனிதர் எதற்காகப் பெட்டி மேல் ஏறிக் குதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவர் பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். எந்த வண்டிக்கு எந்த நட்டு என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவார். ஆனால் அவருக்கு வேலை கிடைத்தது நட்டால் அல்ல, வாலிபாலால். இளம் வயதில் வலைக்கு முன்னால் அவர் எம்பினால், எதிரணிக்காரர்கள் பந்தைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று திகைத்துப் போவார்கள். அந்த எம்பலைப் பார்த்துத்தான் டிப்போ அணிக்காக அவரை எடுத்தார்கள். அப்புறம் வலை கிழிந்தது, அணி கலைந்தது, இவர் கவுன்ட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கடைசியாக அவருடைய இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பியது, தோளில் பல்லி விழுந்த அன்று.

நிலைமை இப்படி இருக்க, புது மேனேஜர் ஒரு நாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். விளையாட்டுக்காக வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மாசக் கடைசியில் எம்பிக் காட்ட வேண்டும், யார் எவ்வளவு உயரம் என்று நானே பார்ப்பேன், அதை வைத்துத்தான் மலை டிப்போவுக்கு ஆள் மாற்றுவதை முடிவு செய்வேன் என்றார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்த டிப்போவில் மலை என்றாலே தண்டனைதான். தூங்கிய வாட்ச்மேன் மலைக்குப் போனார். எதிர்த்துப் பேசிய கிளார்க் மலைக்குப் போனார். வண்டியைச் சுவரில் இடித்த டிரைவரும் போனார். அது பழைய மேனேஜர் வீட்டுச் சுவர். ஆகவே எம்ப முடியாதவனும் மலைக்குப் போவான் என்று எல்லோரும் அவரவர் வயிற்றைத் தடவிக்கொண்டே புரிந்துகொண்டார்கள்.

ஸ்டோர்காரருக்குப் பயப்பட மற்றவர்களை விட அதிகமாகவே காரணம் இருந்தது. கல்யாணம் ஆன நாள் முதல் அவர் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர். மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. இவருக்கு மாற்றல் கிடைத்தால் அவருக்குக் கிடைக்காது, அவருக்குக் கிடைத்தால் இவரை வேறு பக்கம் தூக்கிப் போடுவார்கள். போன வருஷம்தான் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். மாமியாரும் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு கூடவே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் விஷயத்தை வீட்டில் சொன்னார். கேட்டுக்கொண்டே மனைவி துணி மடித்தார். கணவரின் சட்டைகளை மட்டும் தனி அடுக்காக வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எடுத்து எல்லாத் துணிகளோடும் கலந்து வைத்தார்.

"மறுபடியும் போன்லயே குடும்பம் நடத்த என்னால ஆகாதுங்க," என்றார்.

அதற்கப்புறம் மனிதர் எப்படிக் குதிக்காமல் இருப்பார்?

எப்படிக் குதிப்பது என்பதில்தான் சிக்கல். இதற்கு வழி காட்டியது மாமியாரின் முட்டி. முட்டிக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வருவாள். சின்ன வயசு, குரல் மட்டும் தலைமை ஆசிரியை மாதிரி. உட்காரும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, பிட்டத்தைப் பின்னால் தள்ளி உட்காருங்கள் என்று மாமியாரை அதட்டிக்கொண்டிருந்தவளிடம், கதவோரமாக நின்று ஸ்டோர்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு மாசத்தில் உயரமாக எம்ப ஏதாவது வழி உண்டா?

அந்தப் பெண்ணின் கண் பளிச்சென்றது. தினமும் நடக்க முடியாதவர்களையே பார்க்கிறவளிடம் பறக்க வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டால் சும்மா இருப்பாளா? அதற்கு ப்ளையோமெட்ரிக்ஸ் என்று ஒரு பயிற்சி இருக்கிறது என்றாள். அந்தப் பேரைச் சொல்வதற்கே நாக்கு ஒரு குதி குதிக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார். உயரம் குறைவான ஒரு பெட்டி மேல இருந்து சும்மா காலை எடுத்து வச்சு இறங்கணும். தரையைத் தொட்ட உடனே எம்பணும். சுடுற தரையில வெறுங்காலை வச்சா என்ன பண்ணுவீங்க, அந்த மாதிரி."

"குனிஞ்சு, நல்லா மூச்சு இழுத்து, தம் கட்டி எம்பினா இன்னும் உயரம் போகாதா?"

"போகாது. தம் கட்டுற நேரத்துல எல்லாம் வீணாப் போயிரும்."

எது வீணாகப் போகும்? இதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அவள் அவருடைய குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பு மாதிரியான தடித்த நாணைக் கிள்ளிக் காட்டினாள். கீழே இறங்கும்போது இதுவும் தொடைத் தசையும் ரப்பர் மாதிரி இழுபடும், இழுத்ததை உடனே விட்டால் தூக்கி எறியும், இழுத்து வைத்துக்கொண்டே யோசித்தால் அந்த வேகம் சூடாகிக் கரைந்துவிடும் என்றாள். முதலில் இறங்கப் பழக வேண்டும், முட்டி உள்ளே சாயாமல், சத்தமே வராமல் இறங்கத் தெரிந்த பிறகுதான் எம்ப வேண்டும், கொஞ்சமாகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு குதிக்கும் நடுவே நன்றாக ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாள் செய்தால் மறுநாள் செய்யக் கூடாது என்றும் சொன்னாள். இதையெல்லாம் அவர் காதில் வாங்கினாரா என்றால், வாங்கவில்லை. மனம் அந்த ரப்பரிலேயே நின்றுவிட்டது.

இத்தனை வருஷமாக ஸ்டோரில் ஸ்பிரிங் எடுத்துக் கொடுக்கிறோம், நம் காலுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மனைவியின் தலைமுடி ரப்பரை எடுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். இழுத்து வைத்திருந்து விட்டுப் பார்த்தார். ரப்பர் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் பறந்தது. அப்படியானால் காலில் மட்டும் ஏன் கரைகிறது? மாமியாரிடம் கேட்டார். மனைவியிடம் கேட்டார். மனைவி ரப்பரைத் திருப்பிக் கேட்டார்.

இப்படித்தான் டிரங்குப் பெட்டி நடுக்கூடத்துக்கு வந்தது. விளக்குமாற்றுக் கட்டையும் பேச ஆரம்பித்தது.

சத்தம்தானே பிரச்சினை, சத்தத்தை ஒழித்துவிட்டால் போயிற்று என்று மறுநாள் அவர் மாமியாரின் மெத்தையை இழுத்துத் தரையில் போட்டார். முதுகுக்காக டாக்டர் சொல்லி வாங்கிய தடித்த மெத்தை. மாமியார் சோபாவில் உட்கார்ந்து, பழம் உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். இவர் பெட்டியிலிருந்து மெத்தைக்கு இறங்கினார். துளிச் சத்தம் இல்லை. எம்பினார். அதாவது, எம்ப நினைத்தார். மெத்தை அவருடைய வேகத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, கணுக்காலையும் பிடித்துக்கொண்டது. மனிதர் மேலே போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் போனார். அங்கே பீரோ நின்றது. பீரோவின் உச்சியில் பழைய சூட்கேஸ் இருந்தது. சூட்கேஸில் ஆல்பங்களும், யாரோ பரிசாகக் கொடுத்த இரும்பு இஸ்திரிப்பெட்டியும் இருந்தன.

அந்தச் சத்தத்துக்கு விளக்குமாற்றுக் கட்டை பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவே மாடியேறி வந்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா தனி ஆள். அதிர்ந்து பேசத் தெரியாதவர். வாடகைக்கு விடும்போதே, எனக்கு இருக்கிற துணை மீன்கள்தான், சத்தம் மட்டும் ஆகாது தம்பி என்று சொல்லித்தான் விட்டார். கூடத்தில் ஒரு சுவர் நீளத்துக்குத் தொட்டி வைத்திருக்கிறார். இப்போது அவர் கையிலிருந்த கிண்ணத்தில் ஒரு ஆரஞ்சு நிற மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நீங்க குதிச்சீங்க தம்பி, இதுவும் குதிச்சிருச்சு," என்றார். "தரையில கிடந்துச்சு. நான் பக்கத்துல இருந்ததால பிழைச்சுது."

ஸ்டோர்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இனிமேல் குதிக்கவே மாட்டேன் என்று மீனைப் பார்த்துச் சத்தியம் செய்தார். ஏன் குதித்தேன் என்ற கதையையும் சொன்னார். அந்தம்மா பாவமாகக் கேட்டுக்கொண்டு, ஆனாலும் மீன் மீன்தானே தம்பி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாமியார் அன்று முழுக்க முதுகு வலி என்று முனகினார். மெத்தையில் இரண்டு பாதங்களின் குழி அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில்தானே முடியாது, டிப்போவில் முடியும் அல்லவா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, காதும் காதும் வைத்தாற்போல் ஆரம்பித்தார். இறங்கினார், எம்பினார். நன்றாகத்தான் வந்தது. ஒவ்வொரு எம்பலுக்கும் அலமாரி ஒரு சிரிப்புச் சிரித்தது. அவர் கவனிக்கவில்லை. கடைசியில் அலமாரி வாய்விட்டே சிரித்ததில், அளவு வாரியாகப் பிரித்து வைத்திருந்த நட்டும் போல்ட்டும் வாஷரும் ஒன்றாகக் கொட்டி, தரை முழுக்க ஓடின.

சத்தம் கேட்டு ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்தது. லேத்துக்காரருடைய தலை. லேத் மெஷினில் வேலை பார்ப்பவர்; அவரும் வாலிபாலில் வந்தவர்தான். ஸ்டோர்காரரை விட ஒரு கை உயரம் அதிகம். ஒரே அணியில் ஆடிய நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் போட்டி.

"என்ன ஸ்டோரு, பூமி அதிர்ச்சியா?"

"ஒண்ணுமில்ல. எலி."

"எலி ஷூ போட்டுக்கிட்டா வருது? என்ன பண்றே, சொல்லு."

சொல்லியிருக்கக் கூடாது. மூளையுள்ள எவனும் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் ஒரு வாரமாக அந்த ரப்பர் விஷயம் அவர் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. வீட்டில் கேட்க ஆளில்லை. இவர் பாவம், அலமாரியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார். அமுக்கிக் காட்டினார், குதிகாலைத் தொட்டுக் காட்டினார், பெட்டியில் ஏறி இறங்கி எம்பியும் காட்டினார். லேத்துக்காரர் வாயைப் பிளந்து கேட்டார். நீயும் ஒரு தடவை பண்ணிப் பார், தரையில நிக்காதே, தொட்டதும் கிளம்பணும் என்று இவரே கையைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றிவிட்டார். லேத்துக்காரர் எம்பினார். ஷட்டரில் தலை இடித்தது.

"அடேங்கப்பா. நல்லாத்தான் தூக்குது," என்று தலையைத் தேய்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் டிப்போ டிப்போவாகவே இல்லை. லேத்துக்காரர் பட்டறை மேடையிலிருந்து குதித்தார். கபடியில் வந்த கிளார்க் மாடிப்படியிலிருந்து குதித்தார். ஓட்டப் பந்தயத்தில் வந்த கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் படியிலிருந்து இறங்கி எம்பி மறுபடி ஏறினார். பயணிகள் இவருக்கு என்ன ஆச்சு என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எதற்கும் சிரிக்காத மேனேஜர் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தார் என்று சொன்னார்கள். கழிப்பதற்கு ஆள் தேடுகிறார், சிரிக்க மாட்டாரா என்று இவர்கள் இன்னும் பயந்தார்கள்.

ஸ்டோர்காரருக்குத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. நட்டுகளைப் பொறுக்கிப் பிரிப்பதற்கே இரண்டு நாள் ஆனது. பொறுக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் ஒரு பங்கு குதித்தால் நான் மூன்று பங்கு குதிப்பேன்.

காலையில் டிப்போ மைதானத்துப் புல்லில் குதித்தார். மதியம் ஸ்டோரில் குதித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், பூங்காவின் சிமெண்டுத் திட்டிலிருந்து குதித்தார். அங்கே பூனை ஒன்று மதிலிலிருந்து சத்தமே இல்லாமல் இறங்கி, இறங்கிய வேகத்திலேயே அடுத்த சுவருக்குத் தாவியதைப் பார்த்து, அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். பூனை திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. இப்படியே விடாமல் குதித்ததில், ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் கால் இரண்டும் அவருடையதாகவே இல்லை. தொடை இரண்டும் ஈர மணல் மூட்டை. ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் உயிர் போனது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார்.

மாமியார் வாக்கரைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார். "மாப்பிள்ளை, நான் வேணா கையைப் பிடிச்சுக்கவா?"

"வேணாம் அத்தை. வந்துருவேன்."

"வாக்கர் தரட்டுமா? எனக்கு இப்ப அவ்வளவா வேண்டியிருக்கறதில்ல."

அன்று பிசியோ பெண் வந்ததும், முதலில் இவரைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தாள். எம்பிக் காட்டச் சொன்னாள். பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன்பு எவ்வளவு எம்பினாரோ அதை விட நாலு விரல் குறைவு. மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

"யாரு சார் உங்களை இவ்வளவு குதிக்கச் சொன்னது?"

"நிறையப் பண்ணினா நிறைய வரும்னு..."

"இது தண்ணி இறைக்கிற வேலை இல்ல சார். களைச்சுப் போன காலோட குதிச்சா, கால் மெதுவா எழும்பத்தான் பழகும். உங்க காலுக்கு நீங்களே சோம்பேறித்தனம் கத்துக் கொடுத்திருக்கீங்க."

இதைக் கேட்டதும் அவருக்குக் கவலையை விட ஆச்சரியம் அதிகமாகிவிட்டது. காலுக்குத் தனியாகப் படிப்பு உண்டா? வேகத்தையும் கற்கும், சோம்பலையும் கற்குமா? அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கால் தேறும்வரை குதிக்கக் கூடாது, மாமியாரோடு சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும் என்றாள். ஆக, அந்தக் கூடத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் எதிரெதிர் நாற்காலியில், பிட்டத்தைப் பின்னால் தள்ளி, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள். மாமியார் ஒரு தடவை கூட முட்டியைச் சாய்க்கவில்லை. மாப்பிள்ளை சாய்த்ததை ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சொன்னார்.

கால் ஒரு வழியாகத் திரும்பி வந்தது. இனி நாள் விட்டு நாள், கொஞ்சமாக, ஒழுங்காகச் செய்யலாம் என்றாள் அவள். ஆனால் எங்கே செய்வது? ஸ்டோருக்குள் மறுபடி குதிக்க அலமாரி இடம் கொடுக்காது. மைதானத்தில் லேத்துக்காரர் கும்பல். வீட்டிலோ மீனின் மேல் செய்த சத்தியம். பரீட்சைக்கு அதிக நாளும் இல்லை. மனிதர் சோபாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் வாசலில் மூச்சு வாங்குகிற சத்தம். வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், சின்னத் தொட்டி ஒன்றை வைத்திருந்த மர மேடையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நல்ல கனமான மரம். அகலமான தலை. யானையே ஏறி நின்றாலும் அசையாது. உயரமும், பிசியோ பெண் வாயால் சொன்ன அதே உயரம்.

"இதுல ஏறிக் குதிங்க தம்பி," என்றார். "அந்தப் பெட்டி வேணாம். சறுக்கும்."

ஸ்டோர்காரர் காதை நம்பவில்லை. "உங்க மீன் என்னம்மா ஆகும்?"

"மீனை எல்லாம் என் தங்கச்சி வீட்டுல விட்டுட்டேன். அதை விடுங்க. உங்க குடும்பம்தானே முக்கியம். நல்லா எம்பணும், என்ன?"

போகும்போது தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். மெத்தை மாதிரி விழுங்காது, வெறும் தரை மாதிரி அடிக்காது என்று பிசியோ பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள்.

அதற்கப்புறம் அந்தம்மாவின் கவனிப்பைச் சொல்லி மாளாது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை அவித்த முட்டை மாடிக்கு வரும். சாயங்காலம் இவர் வீட்டுக்குள் நுழையும்போது, இன்று எவ்வளவு எம்பினீர்கள் என்று விசாரிப்பார். ஒரு விரல் கூடியது என்றால் முகம் மலரும். கூடவில்லை என்றால் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்பார். ஒரு நாள் இவர் குதிக்காமல் இருந்ததற்கு, கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையே டக் டக் என்று கூப்பிட்டது. ஓய்வு நாள் அம்மா என்று இவர் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்ன பிறகுதான் அடங்கியது.

மனைவிக்கு மட்டும் இது உறுத்தியது. ரத்தத்தைப் பார்த்தே யாருக்கு என்ன என்று சொல்கிற கண் அல்லவா? காரணமில்லாமல் ஒரு மனுஷி மீனைப் பிரிந்து இருப்பாரா என்று கேட்டார். மாமியார் விடவில்லை.

"எல்லாரையும் டெஸ்ட் பண்ணிட்டேதான் இருப்பியா? அந்தம்மா தனியா இருக்கறவங்க. புருஷன் பொண்டாட்டி பிரியறதோட வலி அவங்களுக்குத் தெரியாதா?"

ஸ்டோர்காரருக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நல்ல மனசுக்காகவாவது சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்று பழகினார். முன்பாதம் தொட்டு, குதிகால் தொடுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் எல்லாம் சரியாக அமைந்தது. இறங்கியதும் தெரியவில்லை, எம்பியதும் தெரியவில்லை. யாரோ கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியது போல இருந்தது. விரல் நுனி கூரையில் தொங்கிய விளக்கைத் தொட்டு ஆட்டியது. மூன்று பேரும் ஆடுகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை பண்ணுங்க," என்றார் மனைவி, சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி.

"இன்னிக்கு இது போதும்னு சொல்லியிருக்காங்க," என்றார் அவர். முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டார்.

பரீட்சை நாள் வந்தது. பட்டறைச் சுவரில் உயரம் கோடு போட்டிருந்தார்கள். விரலில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு, எம்பிச் சுவரைத் தொட வேண்டும். நின்றபடி எட்டுகிற உயரத்தைக் கழித்துவிட்டு, எம்பியதை மட்டும் பார்ப்பார்கள். ஆகையால் லேத்துக்காரரின் நெட்டை உடம்புக்குச் சலுகை கிடையாது. அவர் முந்தின நாள் சாயங்காலம்வரை விடாமல் குதித்துவிட்டு, சிவந்த கண்ணோடு வந்திருந்தார். ஆழமாகக் குனிந்தார். தம் கட்டினார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போகும்வரை கட்டினார். எம்பினார். மேனேஜர் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார். கபடி கிளார்க்கும் கண்டக்டரும் அதை விட மோசம்.

ஸ்டோர்காரர் சுவரருகே போனார். மனைவி பிரித்து வைத்துவிட்டு மறுபடி கலந்து வைத்த சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டிருந்தார். யோசிக்கவில்லை. சட்டென்று அமிழ்ந்தார், அமிழ்ந்த வேகத்திலேயே எழும்பினார். சுவரில் வெள்ளைத் தடம் எல்லாருடைய தடத்துக்கும் மேலே, ஒரு சாண் உயரத்தில் தனியாக நின்றது. மேனேஜர் ஓடி வந்து, சுண்ணக்கட்டி ஒட்டிய கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். திங்கட்கிழமை முதல் வேலையாக வந்து என்னைப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு அவர் நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மனைவி அவர் சட்டைக் காலரைச் சரி செய்தார். சரியாக இருந்த காலரைத்தான் மறுபடி மறுபடி சரி செய்தார். கண் கலங்கியதை மறைக்க வேறு வேலை கிடைக்கவில்லை. மாமியார் வாக்கர் இல்லாமலேயே எழுந்து நின்று, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின பயிற்சியாச்சே என்றார்.

முதலில் கீழே போய் நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றியது. ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு, மாமியாரையும் மெல்ல இறக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரம்மாவின் கதவு திறந்தே இருந்தது. அந்தம்மா பெரிய தொட்டிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன.

"நீங்கதான் முதலா வந்தீங்களாமே தம்பி? ரொம்பச் சந்தோஷம்," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "வீட்டை எப்பக் காலி பண்றீங்க?"

ஸ்டோர்காரர் சிரித்தார். அந்தம்மா தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தார். "நாங்க ஏம்மா காலி பண்ணணும்? நான்தான் ஜெயிச்சுட்டேனே."

அந்தம்மா ஒரு பையை அவிழ்த்து ஆரஞ்சு மீனைத் தண்ணீரில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினார்.

"ஜெயிச்சதாலதானே தம்பி கேக்கறேன், உங்க மேனேஜருக்கே அந்த மலை டிப்போவுக்குத்தான் மாத்தல் வந்திருக்காம், அங்க புதுசா வாலிபால் டீம் கட்ட இருக்கறதுலயே நல்லா எம்பறவரைக் கையோட கூட்டிட்டுப் போறாராம்னு அவர் சம்சாரம் அப்பவே காலையில நடக்கும்போது என்கிட்ட சொல்லிட்டாங்க, இல்லாட்டி மீனைக் கூடப் பார்க்காம மேடையைத் தூக்கி உங்களுக்குக் கொடுத்திருப்பேனா?"